நாயாற்றுக் குறைப்பெட்டி

பொங்கற் பலகாரத்தை உறவினர்க்கும் நண்பர்க்கும் இம்முறை பிளாஸ்திக் பெட்டியில் வைத்துக் கொடுப்பதில்லை என்று நமது இல்லாள் 2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலேயே முடிவுசெய்துவிட்டாள். பனையோலைப் பெட்டிகள் வேண்டும். அவை தன் கையால் இழைத்தனவாக இருத்தல் வேண்டும். மூடியுடன் 24 பெட்டி என்பது அவள் போட்ட கணக்கு. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றிய பின்னர் ஓலைப் பொருள்கள் நகரத்துக் கடைகளிலும் அழகழகாக விற்பனைக்கு வந்தனவே, வாங்கிவிடலாமே என்று நாம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தோம். "வாங்கிக் குடுக்கிறதெண்டால் காசையே குடுத்துவிடலாமே" என்று மறுமொழி வந்தது. தருக்க நூல் பயின்றவர்க்கும் இதற்குமேல் வழக்காட இடமில்லை.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. பெட்டிக்கு அடி போடவும், சுவரை எழுப்பவும் அவளுக்குத் தெரியும். வாயை மடித்து முடிக்கவும், மூடி இழைக்கவும் தெரியாது. அவள் அன்னையார் அவ்வளவும் கற்பிக்கும் முன்னரே காலமாகிவிட்டார். எஞ்சிய வித்தை அன்னையாரின் தங்கையிடம் இருந்தது. அவர் வாழும் ஊர் நாயாறு. ஆதலால் கல்லூரி விடுமுறை தொடங்கிய மறுநாள், ஒரு கட்டுச் சார்வோலையைச் சுமந்துகொண்டு நாம் இருவரும் யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினோம்.

பரந்தனிற் கிழக்கே திரும்பி, புதுக்குடியிருப்பைக் கடந்து முல்லைத்தீவை அடையும் வழி நேயர் பலர்க்குத் தெரிந்ததே. நகருக்கு அணித்தாக வட்டுவாகற் பாலம் வருகின்றது. 2009 மே மாதத்தில் பல்லாயிரம் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்து கடந்த பாலம் அது. பேருந்து அதன்மேல் ஊர்ந்தபோது உள்ளே இருந்த பேச்செல்லாம் தானே அடங்கிற்று. நந்திக்கடலின் அப்பாற் கரையில் வற்றாப்பளைக் கண்ணகையம்மன் உறையும் திசையை நோக்கி இல்லாள் கைகூப்பினாள்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியிலே சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடப்புறம் கடலும், வலப்புறம் வயலும் காடுமாக வழி நீளும். செம்மலையைக் கடந்தபின் நாயாற்றுக் களப்பும் அதன் வாயிலே பாலமும் தோன்றும். கோடையில் மணற்றிட்டு இவ்வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். மாரியில் வெள்ளம் அதனை உடைத்துக்கொண்டு கடலிற் புகும். நாம் சென்ற வேளை மாரியாதலால் பாலத்தின்கீழ் நீர் செந்நிறமாகச் சுழித்தோடிற்று. மறுபக்கம் கடல் கருநிறமாய் இரைந்தது. இரு நிறமும் சந்திக்கும் இடத்திலே வெண்கொக்குகள் வரிசையாக நின்றன. இறாலுக்குப் பேர்போன நீர்நிலை இது. கொக்குகள் அதனை நம்மினும் நன்கறியும்.

கரையோரத்து வாடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மீன்பிடிப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியமைத்துத் தொழில் செய்வோர்க்கும் ஊரவர்க்கும் இடையே இக்கரையைப் பற்றிய பிணக்கு நெடுநாளையது. 2018 ஓகஸ்டில் ஊர் மீனவரின் படகுகளும் வலைகளும் இங்கே எரிக்கப்பட்ட செய்தியை நேயர்கள் படித்திருப்பர். மழையில் நனைந்த அம்மணலைப் பார்ப்பவர்க்கு அப்படி ஒரு தீ எரிந்த இடம் இது என்று தோன்றாது.

மாமியாரின் வீடு மீள்குடியேற்றத்தின் பின்னர்க் கட்டிய சிறு கல்வீடு. (இல்லாளுக்குச் சின்னம்மா, ஆகவே நமக்கு மாமி.) வாயிலில் எதிர்கொண்டவர், நாம் சுமந்துசென்ற ஓலைக்கட்டைக் கண்டதும் நலம் விசாரிப்பதை மறந்தார்.

"மாரியிலையோ தம்பி ஓலை கொண்டு வாறது? தண்ணி குடிச்சுப் போச்சு. இனி உது பூஞ்சணம் பிடிக்கும்."

ஓலை வேலையிற் பாதி வெயிலின் வேலை என்பதை அன்று கற்றோம். குருத்துக்கு அடுத்த இளமோலையாகிய சார்வை வெட்டி, வெயிலிலும் பனியிலும் மாறிமாறிக் கிடத்தினாலன்றி அது வெண்மை பெறாது; மெலியாது. காய்ந்த ஓலையைப் பின்னர் ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இழைக்கும்போது சிறிது ஈரம் வேண்டும். மிகுந்தால் பின்பு காய்ந்து சுருங்கி இழைகளுக்கிடையே கண் விழும். இத்தனையும் முன்னோர் தையில் பெட்டி வேண்டுமென்றால் ஆடியிலேயே ஓலைக்கு ஏற்பாடு செய்ததன் காரணம். பட்டம் பெற்ற நாமோ மார்கழியில் ஓலை சுமந்து சென்றோம். மாமியார் கட்டைப் பிரித்து அடுப்படிக்கு மேலே கொடியில் தொங்கவிட்டார். நமக்கு ஈர்க்கு நீக்கும் பணி தரப்பட்டது. முதல் நாழிகையிலேயே விரலை அறுத்துக்கொண்டமையால் அப்பணியினின்றும் விடுவிக்கப்பட்டோம்.

ஓலை வாரும் பழைய கத்தி றங்குப் பெட்டியில் கிடக்கும், எடுத்து வா என்று மாமியார் இல்லாளை உள்ளே அனுப்பினார். போனவள் வரவில்லை. நாமும் சென்று பார்த்தோம். தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன்முன் சப்பாணி கட்டி அமர்ந்திருந்தாள். கத்தி மடியிற் கிடந்தது.

பெட்டியினுள்ளே முடியாத வேலைகளாகவே இருந்தன. முதலில் ஒரு வலை ஊசி. அதிற் சுற்றிய நைலோன் நூல் அப்படியே இருக்க, முழம் அளவே பின்னிய வலைத்துண்டு ஒன்று அதனோடு தொங்கிற்று. அது மாமியாரின் காலஞ்சென்ற கணவர் விட்டது. இயந்திரத்தில் நெய்த வலை கடைக்கு வந்தபின் முழு வலையைக் கையால் பின்னுவோர் அருகிவிட்டனர். இன்று மீனவர் கையில் ஊசி பெரும்பாலும் கிழிசலைப் பொத்தவே உதவுகின்றது. அடுத்து ஒரு தலையணை உறை. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பிலே தொடங்கியது. அதிலே கிளி ஒன்று கழுத்துவரை பச்சை நூல் பெற்று, அலகும் தலையும் பென்சிற் கோடாகவே நின்றது. அதன்கீழ்த் துருவேறிய இரு பின்னலூசிகளிற் கோத்தபடி மஞ்சட் கம்பளிநூற் குல்லாய் ஒன்று. குழந்தையின் தலைக்கானது. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. "இது எனக்கோ சின்னம்மா?" என்று இல்லாள் கேட்டாள். "உனக்குத்தான். கொம்மா துவங்கினவள். அதுக்கிடையில உன்ரை தலை பெருத்துப் போச்சு" என்றார் மாமியார். மூவரும் சிரித்தோம்.

அடியிலே பழஞ்சீலை ஒன்றில் பொதிந்து கிடந்ததை எடுத்தபோது மாமியாரின் சிரிப்பு நின்றது. "உதை ஏன் பிள்ளை எடுக்கிறாய்? வை."

அஃது ஒரு சிறிய ஓலைப் பெட்டி. அடி முழுமையாக இருந்தது; சுவர் நான்கு விரல் உயரம் எழுந்திருந்தது; அதற்குமேல் இழைகள் முடிவுபெறாமல் நாற்புறமும் விரிந்து கிடந்தன. ஓலை தேன்நிறம் கொண்டுவிட்டது. இழையின் அகலம் நெல்மணியின் நீளத்துக்கு மேலிராது. நாம் இத்துறையில் ஒன்றும் அறியோமாயினும், அவ்வடியைப் பார்த்தவுடன் அது தேர்ந்த கையின் வேலை என்று தெரிந்தது.

இரவு, விளக்கடியில், மாமியார் சொன்னார். நாம் நமது நடையிலே தருகின்றோம்.

1984 டிசெம்பர் தொடக்கத்தில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் குடியிருந்த சிங்கள மீனவக் குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். அதன்பின் அம்மாதத்திலேயே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு முதலிய ஊர்களின் தமிழ்க் குடிகள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பொங்கலுக்குச் சில கிழமைகளே இருந்தன. மாமியாரின் தாயார், இரண்டு வயதுப் பேத்திக்கென்று, அதாவது நம் இல்லாளுக்கென்று, பலகாரப் பெட்டி ஒன்று இழைத்துக்கொண்டிருந்தார். கண் மங்கத் தொடங்கியிருந்த காலம். அடியைப் போட்டுச் சுவரையும் சிறிது எழுப்பியவர், "மிச்சத்தை நீ இழை பிள்ளை, நான் மூடியைத் துவங்கிறன்" என்று இளைய மகளிடம் கொடுத்தார். இருபத்திரண்டு வயதுப் பெண் "நாளைக்கு இழைக்கிறன் அம்மா" என்றாள். மறுநாள் ஊரே நடந்தது.

தாயார் அப்பெட்டியைச் சீலையிற் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாராம். முள்ளியவளையிற் சில காலம், பின்னர் வவுனியாவில் நெடுங்காலம் இருந்தார்கள். அங்கே வாழ்வதற்காக எத்தனையோ பெட்டியும் கடகமும் இழைத்து விற்றார். இதை மட்டும் தொடவில்லை. "ஊருக்குப் போய் முடிப்பம்" என்பார். 1990களில் வவுனியாவிலேயே கண்ணை மூடினார். 2009இற் போர் ஓய்ந்து, மீளக் குடியேற அனுமதி கிடைத்து, மாமியார் நாயாற்றுக்கு வந்தபோது, றங்குப் பெட்டியும் உறவினர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி உடன் வந்தது.

"வந்தாப் பிறகு முடிச்சிருக்கலாமே மாமி?" என்றோம். ஆசிரியத் தொழிலின் பழக்கம். கேட்கத் தகாததையும் கேட்டுவிடுகின்றோம்.

அவர் விடை கூறவில்லை. விளக்குத் திரியைத் தூண்டினார்.

அமைதியைக் கலைக்க வேண்டி நாம் படித்த செய்தியொன்றைச் சொன்னோம். 2022இல் அமெரிக்காவில் பின்னற்கலை பயின்ற இரு பெண்கள் 'லூஸ் என்ட்ஸ்' என்றோர் அமைப்பைத் தொடங்கினர். ஒருவர் பாதியிற் பின்னி விட்டுவிட்டு இறந்துபோனாலோ, நோயினால் கை தளர்ந்தாலோ, அந்த வேலையை உறவினர் இவ்வமைப்பிடம் ஒப்படைக்கலாம். தொண்டர் ஒருவர் கூலி பெறாது அதனை முடித்துக் கொடுப்பார். தாய் தொடங்கிய கம்பளிச் சட்டையை முகமறியாத ஒருத்தி முடித்து மகனுக்கு அனுப்புகின்றாள். இப்போது பல நாடுகளில் அவர்க்குத் தொண்டர் உளர்.

மாமியார் கூர்ந்து கேட்டார். பின்னர்க் கேட்ட கேள்வி தொழில் அறிந்தவர் கேட்கும் கேள்வி. "கை மாறினது தெரியாதோ?"

தெரியும் என்றோம். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளரப் பின்னுவார்; உற்றுப் பார்த்தால் எந்த வரியிற் கை மாறியது என்று சொல்லிவிடலாம் என்பார்கள்.

"அம்மாவின்ரை இழையிலை என்ரை கை போனால் அசிங்கமாத் தெரியும் எண்டுதான் இவ்வளவு காலமும் வைச்சிருந்தனான்" என்றார். இது முழு உண்மையன்று என்று நமக்குத் தோன்றியது, அவருக்கும் தோன்றியிருக்கும். சிறிது நேரம் கழித்து, "அவையளுக்குத் தெரிஞ்சால் பறவாயில்லையாமோ?" என்று மீண்டும் கேட்டார். பறவாயில்லையாம் என்றோம்.

படுக்கப்போகும் முன் பெட்டியை ஈரத்துணியிற் சுற்றி மண்சட்டிக்குள் வைத்தார்.

நாற்பது ஆண்டு காய்ந்த ஓலை ஓரிரவு ஈரத்தில் மனமிளகிவிடுமா? காலையில் முதல் இழையை மடித்தபோதே முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. இல்லாள் கையை எடுத்துவிட்டாள். மாமியாரோ, முறிந்த இழையின் அடியிலே நாம் கொண்டுசென்ற ஓலையில் வார்ந்த புதிய இழையைச் செருகி, மூன்று கண் தூரம் பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும்படி இழைத்தார். அவ்வாறு செய்தால் இணைப்பு கழன்று வராது. முறியாத பழைய இழைகளை மடிக்காமல் நேராகவே விட்டு, மடிப்பு வரும் இடத்தில் மட்டும் புதியதைச் சேர்த்தார். ஒரு பக்கம் முடிந்ததும் பெட்டியை இல்லாளிடம் தள்ளினார். "இந்தப் பக்கம் நீ." அவள் தயங்கினாள். "பிழைச்சால் பிரிக்கலாம் பிள்ளை. ஓலைதானே."

அன்று முழுவதும் மழை. அடுப்படிப் புகையில் இருவரும் இழைத்தனர். நாம் தேநீர் ஊற்றிக் கொடுத்தோம். நமது மேசையில் ஐந்தாண்டாகக் கிடக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்று அடிக்கடி நினைவில் வந்தது. அதைப் பற்றி யாரும் கேட்காதது நிம்மதியாக இருந்தது. மாலையில் வாய் மடிக்கும் வித்தையை இல்லாள் அந்தப் பெட்டியிலேயே கற்றாள். இரண்டு முறை பிரித்தாள். மூன்றாம் முறை மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி நின்றது. அடியிலிருந்து நான்கு விரல் தேன்நிறம்; அதற்குமேல் வெண்ணிறம். தேன்நிறப் பகுதியில் இழைக்கு இழை மயிர் நுழைய இடமில்லை. வெண்பகுதியின் ஒரு பக்கம் சீராகவும், மறுபக்கம் சற்றே கோணலாகவும் இருந்தது. யார் கை எது என்று குழந்தையும் சொல்லிவிடும். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோணற் பக்கத்தைச் சுவரோடு வைக்காமல் முன்புறமாகத் திருப்பி, சுவாமிப் படத்தின் கீழே வைத்தார். இருபத்திரண்டு வயதில் நாளைக்கு என்று சொன்னதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

நான்கு நாள் தங்கினோம். 24 என்று போட்ட கணக்கிற்கு 11 பெட்டிகளே முடிந்தன. மிஞ்சிய உறவினர்க்கு யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்னும் சிக்கல் பேருந்திலேயே தொடங்கிப் பொங்கலுக்கு முதல்நாள்வரை நீடித்தது. அதனை இங்கே விரிக்கின் குடும்பத்தில் அமைதி குலையும். கம்பளிக் குல்லாயை இல்லாள் கொண்டுவந்துவிட்டாள். வலைத்துண்டையும் கிளியையும் மாமியார் தரவில்லை. அவை அவர் பாடு.

புறப்படும்போது படலைவரை வந்த மாமியார், "தம்பி, அடுத்தமுறை ஓலையை ஆனி ஆடியிலை கொண்டு வாங்கோ. நல்ல சார்வாப் பாத்து வெட்டுவியுங்கோ. அந்தப் பெட்டிக்கு மூடி இன்னும் இழைக்கேல்லை" என்றார்.