விடுபடும் பஞ்சமம்

சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாவது மாடி. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்தால் கை முழுக்க வெங்காய மணம். அந்தக் கையோடுதான் பழைய கீபோட்டுக்கு முன்னால் இருப்பேன். அயலவர் நித்திரை என்பதால் காதில் ஹெட்போன்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. ஊரில் அண்ணா அந்தக் கசற்றைத் தேயத்தேயப் போடுவான். "வயலின் எங்கட சுரம் வாசிக்குது, கீழ வேறை என்னவோ நடக்குது" என்பான். அவனிடம் ஓர் ஆர்மோனியம் இருந்தது. ச, ப இரண்டையும் பிடித்துக்கொண்டு மேலே பாடுவான். கீழே நடப்பது என்னவென்று அவனுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எனக்குச் சொல்லித் தந்தவன் எங்கள் குசினியில் கோப்பை கழுவும் பிலிப்பைன்ஸ்காரன். ஒரு சுரத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கச் சொன்னான். அதை எங்கள் சுரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ச, அந்தர காந்தாரம், ப: இது அடிப்படைக் கோர்ட். கைசிகி நிஷாதம் சேர்த்தால் 7. அடுத்த ஸ்தாயியில் சதுஸ்ருதி ரிஷபம் 9, சுத்த மத்திமம் 11, சதுஸ்ருதி தைவதம் 13. அதற்கு மேலே அடுக்கினால் பழையபடி ச வந்துவிடும். ஏழையும் கூட்டிப் பார்த்தால் ஹரிகாம்போதி! நாங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவது அங்கே ஒரேயடியாக ஒலிக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் அமத்தினால் சத்தம் கலங்குகிறது. காந்தாரமும் மத்திமமும் ஸ்தாயி மாறினாலும் உரசுகின்றன. பிரதி மத்திமமாக்கினால் உரசல் தணியும், ஆனால் ராகம் வாசஸ்பதியாகிவிடும். இல்லாவிட்டால் மத்திமத்தையே விட்டுவிடலாம். "பஞ்சமத்தையும் விடு, ஒருவருக்கும் தெரியாது" என்ற கருத்தில் அவன் சொன்னான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட பௌதிகவியல் அப்போது உதவியது. ச ஒலிக்கும்போதே அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் மேல்ஸ்தாயிப் பஞ்சமம் மெல்லியதாக உள்ளே ஒலிக்கிறது. அமத்தாவிட்டாலும் அது இருக்கிறது.

2009 மே மாதத்துக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா ரெலிபோனில் அவனைப் பற்றிக் கதைக்கும்போது 'இருந்தான்' என்று சொல்வதில்லை.

கணக்கு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பஞ்சமத்தை விட்டு வாசிக்கக் கை வருகுதில்லை. அவன் பிடித்த இரண்டு சுரத்தில் ஒன்று அது. கலங்கினால் கலங்கட்டும் என்று அமத்துகிறேன்.