இல்லாத விசையை அழுத்தச் சொன்ன கணினி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அன்றே அமைச்சர் தெரிவித்தார். முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதி வருகிறேன். இப்படியொரு தலைப்பு என் கைக்கு வந்ததில்லை. அந்தக் குரங்கின் கை கண்டியில் என் வீட்டு அலுமாரியின் மேலிருக்கும் பழைய கணினி வரை நீண்டது என்பதை அன்று மாலைதான் அறிந்தேன்.

அந்தக் கணினி 2005ஆம் ஆண்டில் வாங்கிய பென்டியம் 4. நான் மடிக்கணினிக்கு மாறிய பிறகு அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வலையமைப்புக் கம்பி ஒன்றும் மின்கம்பி ஒன்றும் மட்டுமே அதில் செருகப்பட்டிருக்கும். ஆனால் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரைகள். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் முதியவர்களைச் சந்தித்துப் பதிவு செய்த ஒலிநாடாக்களின் பிரதிகள். வெளியூரில் இருந்தாலும் அவற்றை எடுத்துக்கொள்ளும்படி மருமகன் அமைத்துத் தந்திருந்தார்.

அந்த வாரம் கூடலூரிலிருந்து ஓர் இளைஞர் என்னை அழைத்திருந்தார். "ஐயா, எங்க பாட்டியோட அண்ணன் பேசினதை நீங்க பதிவு பண்ணி வச்சிருக்கீங்களாமே?" என்று கேட்டார். வைத்திருந்தேன். 1998இல் கலஹாவுக்கு அருகில் ஒரு லயத்து வாசலில் அமர்ந்து எடுத்த நாற்பது நிமிடப் பதிவு அது. 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் அதன்பின் இரு நாட்டவர் ஆனார்கள். தங்கை 1971இல் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினார். அண்ணன் இங்கேயே இருந்து காலமானார். தங்கைக்கு இப்போது எண்பத்தாறு வயது, படுக்கையில் இருக்கிறார். அண்ணனின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாராம்.

ஞாயிறு மாலைக்குள் அனுப்புவதாக வாக்களித்திருந்தேன். ஒரு திருமணத்திற்காகக் கொழும்பில் இருந்த நான், கண்டியில் மின்சாரம் வந்துவிட்டது என்று அறிந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். பழைய கணினி பதில் தரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து முயன்றேன், அப்போதும் இல்லை. வீட்டில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருந்தது.

திங்கள் காலைப் புகையிரதத்தில் திரும்பினேன். கணினியின் விளக்கு எரிந்தது, காற்றாடி சுழன்றது, ஆனால் அது இயங்கவில்லை. திரையைக் கொண்டுவந்து பொருத்தினேன். அதில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி, சேமித்த அமைப்புகள் பிழையாகிவிட்டதால் தொடக்க அமைப்புகள் ஏற்றப்பட்டன என்றது. இரண்டாம் வரி, விசைப்பலகை இல்லை என்றது. மூன்றாம் வரி, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தவும் என்றது.

விசைப்பலகை இல்லை என்று கண்டுபிடித்த அதே கணினி அந்த விசைப்பலகையிலேயே ஒரு விசையை அழுத்தச் சொல்கிறது! நான் சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் முதல் வரியை மறந்தேன். செய்தியின் முதல் வரியை விட்டுவிட்டு வாசிப்பவனைப் பத்திரிகையாளன் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1981இல் வெளியான ஐபிஎம் கணினி, மின்சாரம் வந்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். விசைப்பலகை பதில் தராவிட்டால் 301 என்ற எண்ணைத் திரையில் காட்டும். விசைப்பலகை இல்லாத சொந்தக் கணினியால் அக்காலத்தில் யாருக்கும் பயனில்லை. ஆகவே அது நியாயமான சோதனைதான். கணினி அலுமாரியின் மேல் ஏறி, ஆளில்லாமல் வேலை செய்யத் தொடங்கிய பிறகும் அந்தச் சோதனை தொடர்ந்தது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழைய விசைப்பலகையைச் செருகினேன். (வட்டமுனை கொண்ட விசைப்பலகையை மின்சாரம் ஓடும்போது செருகக்கூடாது.) எஃப்1 அழுத்தியதும் கணினி எழுந்தது. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி தொடக்கினேன், மறுபடி நின்றது. பயோஸ் அமைப்புக்குள் சென்று 'ஹால்ட் ஆன்' என்ற வரியைத் தேடினேன். எந்தப் பிழை கண்டால் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும் வரி அது. 'எல்லாப் பிழைக்கும்' என்றிருந்ததை 'விசைப்பலகை நீங்கலாக எல்லாப் பிழைக்கும்' என்று மாற்றினேன். இதே மாற்றத்தை முன்பொரு தடவையும் செய்தது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அது எப்படி அழிந்தது? அவசரத்தில் அதைக் கேட்கவில்லை. கணினி விசைப்பலகையின்றி எழுந்தது. கூடலூருக்குப் பதிவை அனுப்பத் தொடங்கினேன்.

பாதி போயிருக்கும், ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. 10ஆம், 11ஆம் திகதிகளில் அது நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டிருந்தது, நான்தான் மறந்திருந்தேன். மின்சாரம் திரும்பியபோது அதே மூன்று வரிகள் திரையில் நின்றன.

கட்டுகஸ்தோட்டை வீதியில் கணினி திருத்தும் தம்பிக்கு அழைப்பெடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சேர், அதுல திகதி என்ன காட்டுது?" பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதி. "அப்ப பேட்டரி செத்துப் போச்சு சேர். நீங்க மாத்துறது எல்லாம் கரண்ட் போனா அழிஞ்சிரும்."

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் உண்டு: சிஆர்2032, மூன்று வோல்ட், இருபது மில்லிமீற்றர் விட்டம். கடிகாரமும் நாம் செய்த அமைப்புகளும் அதன் தயவில்தான் உயிர் வாழ்கின்றன. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை அது செத்தது வெளியே தெரியாது. மின்சாரம் முற்றாக நின்றால் கணினி எல்லாவற்றையும் மறந்து, பிறந்த அன்று கற்ற முதற் கேள்விக்குத் திரும்பிவிடும்.

அன்றிரவு எஃப்1 விசையை என் விரலாலேயே அழுத்திப் பதிவை முழுமையாக அனுப்பினேன். அனுப்புமுன் நானும் கேட்டேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பெரியவர் இளைஞராக இருந்தபோது தகப்பனாரோடு ஓர் அலுவலகத்துக்கு நடந்ததை அந்தப் பதிவில் சொல்கிறார்: "அப்பன் பொறந்த சீட்டு எங்கன்னு கேட்டாங்க. சீட்டு இல்லீங்க, தோட்டத்துல யாரு எழுதி வச்சான்னு சொன்னோம். சரி, இல்லேங்கிறதுக்கு ஒரு சீட்டு கொண்டுக்கிட்டு வான்னுட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். சிரிப்பின் முடிவில் நீண்ட இருமல்.

காலையில் திரையைப் பார்த்துச் சிரித்தவன் நான். அந்தக் கட்டளையைப் பெரியவர் எனக்கு முன்பே அறிந்திருக்கிறார்.

மறுநாள் கூடலூர் இளைஞர் அழைத்தார். பாட்டி இரண்டு தடவை கேட்டாராம். பிறகு தொலைபேசியை வாங்கி என்னிடம் பேசினார். "தம்பி, அண்ணன் இருமுது. பனியில நிக்க வேணாம்னு சொல்லுங்க." "சொல்கிறேன் அம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை மின்கலத்தை மாற்றினேன். இதே தொல்லை உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: சுவர்ச் செருகியைக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை இறக்குங்கள். கூட்டற்குறி மேலே தெரியும்படி புதிய மின்கலத்தை வையுங்கள். பிறகு திகதியைத் திருத்தி, 'ஹால்ட் ஆன்' வரியை மாற்றி, மின்சாரம் திரும்பினால் தானே இயங்கும்படியும் அமைத்துச் சேமியுங்கள். சில தாய்ப்பலகைகளில் 'பிழை கண்டால் எஃப்1 விசைக்குக் காத்திரு' என்றொரு வரி இருக்கும், அதை நிறுத்துங்கள். இவை எதுவும் இல்லாத கணினி என்றால் ஒரு பழைய விசைப்பலகையைச் செருகியே விட்டுவிடுங்கள். இறுதியாக, திரையையும் சுவர்ச் செருகியையும் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து சோதியுங்கள். மின்சாரம் போய் வந்த பின்பும் எழுகிறதா என்பதே உண்மையான சோதனை. நான் திங்களன்று செய்யத் தவறியது அதைத்தான்.

என் கணினி இப்போது தானே எழுகிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பியிருக்க மனம் வரவில்லை. மறுநாள் போயா விடுமுறை. அன்று முழுவதும் அமர்ந்து எல்லா ஒலிப்பதிவுகளையும் இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்தேன். ஒன்று மருமகன் வீட்டில் இருக்கிறது. மற்றொன்றை, சென்னைக்குப் போன ஒரு நண்பரின் கையில் கொடுத்துக் கூடலூருக்கு அனுப்பினேன்.