பள்ளிக்குத் தப்பியவரின் பெயரில் ஒரு பள்ளி

படிப்பைப் பாதியில் விட்டவரின் பெயரை ஒரு பள்ளிக்குச் சூட்டலாமா? அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் 1939இல் சூட்டினார்கள். வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளி. இடைநின்ற மாணவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கும் எனக்கு, அந்தப் பெயர்ப்பலகை சற்று உறுத்தவே செய்கிறது.

ரோஜர்ஸ் 1879இல் செரோக்கி பழங்குடியினரின் நிலப்பகுதியில், வசதியான கால்நடைப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் செரோக்கி வழியினரே. பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்தும் பயனில்லை. கடைசியாகச் சேர்ந்த இராணுவப் பள்ளியையும் 1898இல் விட்டு வெளியேறினார். கைவந்த கல்வி, சுருக்குக் கயிறு வீசுவது ஒன்றுதான். அதை நம்பித் தென்னாப்பிரிக்கா வரை சென்று சர்க்கஸில் வித்தை காட்டினார்.

பின்னர் நியூயார்க் மேடையில் கயிற்றைச் சுழற்றியபடியே பேசத் தொடங்கினார். அன்றைய நாளிதழில் படித்த அரசியல்வாதிகளை அன்றிரவே கேலி செய்வார். பள்ளியில் தரிக்காத மனிதர், நாளிதழுக்கு மட்டும் வாழ்நாள் முழுதும் ஒழுங்கான மாணவராக இருந்தார்! 1926 முதல் நாள்தோறும் சில வரிகளைத் தந்தியில் அனுப்ப, நாடெங்கும் இதழ்கள் வெளியிட்டன. திரைப்படங்களிலும் புகழ் பெற்றார். வறட்சியிலும் பொருளாதார மந்தத்திலும் நொடித்துப்போன மக்களுக்காக 1931இல் ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார். 1935 ஆகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் விமான விபத்து. விமானி வைலி போஸ்ட்டும் உடன் மாண்டார்.

கறையில்லாதவர் அல்லர். 1934இல் வானொலியில் கறுப்பினத்தவரை இழிசொல்லால் குறிப்பிட்டுக் கண்டனத்துக்கு ஆளானார். அவர் பெயர் தாங்கிய பள்ளியிலும், திறக்கப்பட்டபோது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஒக்லஹோமாவின் சட்டம் அன்று அப்படி இருந்தது. பெயர் சூட்டும் விழாக்களில் இவற்றை யாரும் பேசுவதில்லை.

அன்றைய செனட்டர்கள் யாரென்று அடிக்குறிப்பு இட்டால்தான் அவருடைய பல நகைச்சுவைகள் இன்று விளங்கும். காளமேகத்தின் சிலேடைக்கு நான் உரை சொல்லி முடிக்கும்போதும் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. நாளிதழை நம்பிய சிரிப்பு நாளிதழோடு பழசாகிவிடுகிறது என்றே தோன்றுகிறது. கயிற்றின் கதை வேறு. அப்பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு ‘ரோப்பர்ஸ்’ என்று பெயர். கயிறு வீசுவோர் என்று பொருள்.