மோர் விற்ற தம்பிக்கு ஒரு நன்றி மடல்

அன்புத் தம்பிக்கு,

உன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. வேளாங்கண்ணி மாதா கதையில் நீ வெறும் 'நொண்டிப் பையன்', ஏழை விதவையின் மகன், அவ்வளவுதான். நடுத்திட்டில் ஆலமரத்து நிழலில் மோர்ப்பானையோடு உட்கார்ந்திருந்தாய். கைக்குழந்தையோடு வந்த பெண்மணி பிள்ளைக்கு மோர் கேட்டார். கொடுத்தாய். நாகப்பட்டினத்துக்குப் போய், அங்கிருக்கும் பெரிய மனிதரிடம் எனக்கொரு கோயில் கட்டச் சொல் என்றார். எழுந்து ஓடினாய். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்வார்கள். வாய்வழியாக வந்த கதைதான். ஆனால் காவிரிப் படுகையில் அது தெரியாத கிறிஸ்தவ வீடு கிடையாது.

எனக்கு இளம்பிள்ளை வாதம். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையே உள்ள மணல் பாதையில் முட்டி போட்டே போனாள். வெள்ளித் தகட்டில் கால் உருவம் வாங்கிக் காணிக்கை செலுத்தினாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் வந்துவிட்டால், காவி உடுத்தி நடந்து போகிற கூட்டத்தைக் காட்டி, "வர்ற வருசம் நீயும் இவங்களோட நடப்படா" என்பாள். நடக்கவில்லை. உன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, தம்பி. உனக்கு மட்டும் ஏன்?

ஜெபக்கூட்டங்களுக்கும் கூட்டிப்போனார்கள். ஒருவர் தலையில் கை வைத்து அழுத்தி, விசுவாசம் போதவில்லை என்றார். இன்னொருவர் வீட்டில் யார் செய்த பாவம் என்று விசாரித்தார். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்ட அதே கேள்வி. இவன் செய்த பாவமும் இல்லை, இவன் பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று இயேசு சொன்ன பதிலை யோவான் நற்செய்தியில் அவர் படித்திருக்கலாம்.

இன்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். உன் கதையைச் சொல்லும்போதெல்லாம் அதன் வரிசை என்னைப் பிடித்து நிறுத்துகிறது. முதலில் மோர், பிறகுதான் கால். அன்றைக்கு உன் வீட்டு அடுப்பெரிய அந்த மோர் விற்றாக வேண்டும். அதிலிருந்து ஒரு குவளை மொண்டு கொடுத்தபோது நீ நடக்க முடியாதவன்தான். வந்தவரும் உன்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டவில்லை. உன்னிடம் ஒன்றைக் கேட்டார். ஊனமுற்றவனிடம் வந்து யாராவது ஒன்றைக் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். உனக்கு நான் நன்றி சொல்வது ஓடியதற்காக அல்ல, அந்தக் குவளைக்காக.

உன்னைப் போல் ஓடாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ், கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்தவர். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையில் டாக்டர் பால் பிராண்ட் அவரைப் பழக்கினார். சக்கர நாற்காலியிலிருந்தே மேரி தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். 1966இல் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் இறக்கும்வரை அவர் கால்கள் அப்படியேதான் இருந்தன. விசுவாசம் போதவில்லை என்று அவரிடம் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

எங்கள் கோயில் பீடத்துக்கு மூன்று படி. வாசகம் வாசிக்க என்னால் ஏற முடியாது. கோயில்பிள்ளை மைக்கைக் கழற்றி, ஒயரை இழுத்துக்கொண்டு என் வண்டிக்குக் கொண்டு வருவார். ஒயர் பூக்குவளையில் மாட்டிக்கொள்ளும், சிறுசுகள் சிரிக்கும். கரண்ட் இல்லாவிட்டால் தொண்டையை நம்பி வாசித்துவிடுவேன். கடைசி வரிசைப் பாட்டிக்கும் கேட்கும்.

தம்பி, உன்னைச் சாக்கிட்டுப் பங்குச் சாமியார்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். செப்டம்பர் 8 பெருவிழாவில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்து மந்திரிப்பதோடு விட்டுவிடாதீர்கள். வாசகம் கொடுங்கள், கணக்கு நோட்டைக் கொடுங்கள், பாடகர் குழுவில் இடம் கொடுங்கள். பீடத்துப் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் போட்டுவிடுங்கள். ஒரு கொத்தனார் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தஞ்சைப் பக்கத்து மறைக்கல்வி வாத்தியார்