வேரைக் காத்த வயல்கள்

காட்டில் அழிந்துவரும் கோஷ்டம் லாஹௌல் விவசாயிகளின் நிலத்தில் பிழைத்திருக்கிறது. அங்கும் அதற்கு இடம் சுருங்குகிறது.

மணாலியை விட்டுக் கிளம்பும் வண்டி 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கச் சாலைக்குள் நுழையும்வரை தேவதாரு மரங்களும் மழை ஈரமும் கூடவே வருகின்றன. மறுமுனையில் வெளியே வந்தால் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. மரமற்ற பழுப்பு மலைகள், உச்சிகளில் பனி, கீழே சந்திரா நதி, கரையோரம் வரிசையாக வில்லோ மரங்கள். பருவமழை இந்த மலைத்தொடரைத் தாண்டி அதிகம் வருவதில்லை. பனியாறுகளிலிருந்து ‘கூல்’ என்ற சிறு வாய்க்கால்களில் இறக்கிக் கொண்டுவரும் தண்ணீரில்தான் விவசாயம். இது இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்.

தாண்டி என்ற இடத்தில் சந்திராவும் பாகாவும் கலக்கின்றன. சமவெளியில் செனாப் என்று பெயர்பெறும் நதி இதுதான். கேலாங் செல்லும் சாலையை விட்டு, நதியோடு மேற்கே திரும்பினால் பட்டன் பள்ளத்தாக்கு. கோடையில் இங்கே பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிபிளவர் வயல்களுக்கு நடுவே சில பாத்திகளில் அகன்ற இலைகளோடு ஆள் உயரத்துக்கு ஒரு செடி நிற்கும். உச்சியில் கரு ஊதா நிறத்தில், முள்ளுருண்டை போன்ற பூக்கொத்து. உள்ளூரில் இதன் பெயர் ‘குட்’. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் எடுத்துத் தரும் பழுப்பு வேர்த்துண்டு இந்தச் செடியுடையது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்துவரும் வேர் இது. அதர்வ வேதம் இதைப் பனிமலையில் பிறந்த, காய்ச்சல் போக்கும் மூலிகையாகப் பேசுகிறது. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான ‘பெரிப்ளூஸ்’, சிந்து முகத்துவாரத்திலிருந்தும் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் கப்பலேறிய சரக்குகளில் இதையும் சேர்க்கிறது. அரபு மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘இந்திய குஸ்த்’. சிலப்பதிகார உரை, மாதவியின் நீராட்டுக்குரிய ஐந்து விரைகளில் ஒன்றாகச் சொல்லும் கோட்டமும் இதுவே. அந்தப் பழைய பெயர் மலையாளத்தில் அப்படியே நிலைத்துவிட்டது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் ‘கோட்டம்சுக்காதி’ தைலம் தன் பெயரிலேயே இந்த வேரையும் சுக்கையும் வைத்திருக்கிறது.

ஆனால் லாஹௌலுக்கு குட் சொந்தச் செடி அல்ல. அதன் இயற்கையான இருப்பிடம் காஷ்மீரின் உயர்ந்த மலைச்சரிவுகள். மன்னராட்சிக் காலத்தில் அங்கே குட் வியாபாரம் முழுக்க அரசின் கையில். அனுமதியில்லாமல் வேரைத் தோண்டுவதும் விற்பதும் குற்றம். 1920-களில் அங்கிருந்து விதை லாஹௌலுக்கு வந்து சேர்ந்தது. குளிர்ந்த கோடையும் வாய்க்கால் பாசனமும் செடிக்கு ஒத்துப்போயின.

பள்ளத்தாக்குக்கும் செடி ஒத்துப்போனது. ரோதாங் கணவாயைப் பனி மூடினால் ஆண்டில் பாதி நாள் வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகும். அழுகும் பொருளை விளைவித்து என்ன செய்வது? குட் அப்படியல்ல. விதைத்த மூன்றாம் ஆண்டு, இலை கருகும் இலையுதிர் காலத்தில், பனி விழுமுன் வேரைத் தோண்டி, மண் போக்கி, துண்டாக்கிக் காயவைத்தால் போதும். மாதக்கணக்கில் கெடாது. கோவேறு கழுதையின் முதுகில் கணவாயைக் கடக்கலாம். எடை குறைவு, விலை அதிகம்.

அந்த வேர் கல்கத்தா சந்தைக்குப் போய், அங்கிருந்து ‘புச்சுக்’ என்ற வியாபாரப் பெயரில் சீனாவுக்குக் கப்பலேறியது. அங்கே அது மருந்து, ஊதுபத்தி. காஷ்மீரில் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் காக்க மடிப்புகளுக்கு இடையே வைத்தார்கள். வேரிலிருந்து வடிக்கும் எண்ணெய் வாசனைத் திரவியங்களுக்குப் போனது. பள்ளத்தாக்கின் பல குடும்பங்களுக்குக் கையில் ரொக்கம் புழங்கத் தொடங்கியது குட் காலத்தில்தான்.

சரிவும் அதே வழியில் வந்தது. 1949-ல் சீனாவில் ஆட்சி மாறியது, 1962-ல் போர். பெரிய வாடிக்கையாளர் விலக, விலை விழுந்தது. அந்த வயல்களில் விதை உருளைக்கிழங்கும், பின்னர் பட்டாணியும் புகுந்தன. எண்ணெய்ச் சந்தைக்கும் அடி விழுந்தது. தோலில் ஒவ்வாமை உண்டாக்குகிறது என்பதால் சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு, குட் எண்ணெயை வாசனைப் பொருட்களில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது.

இதற்கிடையில் காட்டில் குட்டின் கதை முடிந்துகொண்டிருந்தது. வேரைத் தோண்டினால் செடியே போய்விடும் என்பதால் மலைச்சரிவுகள் வேகமாக வெறுமையாயின. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம், 1985-ல் குட்டைத் தன் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றியது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் தாவரங்களுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டபோது அதிலும் குட் இடம்பெற்றது. அதை வளர்க்கவும் விற்கவும் உரிமம் தேவை என்றானது.

காட்டைக் காக்க இந்தச் சட்டம் அவசியம். காட்டு வேரையும் வயல் வேரையும் காய்ந்தபின் பார்த்துப் பிரித்தறிவது கடினம்; கெடுபிடியைத் தளர்த்தினால் திருட்டு வேர் வயல் வேராக வேஷம் போடும். ஆனால் அதன் சுமை, காட்டில் கால் வைக்காமல் சொந்த நிலத்தில் மூன்று ஆண்டு பாடுபட்டவர் தலையிலும் விழுகிறது. தன் விளைச்சல் தன் வயலில்தான் விளைந்தது என்று அவர் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பக்கத்து வயலில் பட்டாணி போட்டவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட சுரங்கச் சாலை இந்தக் கணக்கை இன்னும் மாற்றிவிட்டது. காலையில் பறித்த பட்டாணி அன்றே மலையைக் கடந்து சந்தைக்குப் போகலாம். ஒரே கோடையில் கையில் பணம். சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டில் அறை விட்டால் அது தனி வருமானம். பனிக்காலத்தில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த மக்களுக்கு இந்தச் சாலை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூடிய பள்ளத்தாக்குக்கென்றே அமைந்தது போலிருந்த பயிருக்கு, திறந்த பள்ளத்தாக்கில் போட்டி அதிகம்.

குட் பயிரிடுவோர் எல்லாச் செடியையும் தோண்டிவிடுவதில்லை. சிலவற்றை விதைக்காக விட்டுவைக்கிறார்கள். காட்டில் செடி அருகிப்போன நிலையில் அடுத்த பயிருக்கு வழி அந்த விதைதான். ஒருவர் குட் போடுவதை நிறுத்தினால் ஒரு பாத்தி மட்டும் குறைவதில்லை, அந்த விதையும் போகிறது. சட்டத்தின் பட்டியலில் செடியின் பெயர் பத்திரமாக இருக்கும். செடி இருக்குமா என்பது, பனி உருகியதும் பாத்தியில் எதைப் போடுவது என்று பட்டன் பள்ளத்தாக்கின் விவசாயி எடுக்கும் முடிவில் இருக்கிறது.