பதக்கப் பட்டியலுக்கு வெளியே

விளையாட்டு வீரரைப் பற்றிய புத்தகம் கைக்கு வந்தால், கடைசிப் பக்கங்களில் அச்சிட்டிருக்கும் புள்ளிவிவரங்களை நான் புரட்டுவதில்லை. எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், எந்த வருஷம் எந்தப் பதக்கம் என்பதெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகிறது. ஆட்டம் முடிந்தபின் அந்த மனிதர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், யார் அவரை உள்ளே அழைத்தார்கள், யார் வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லும் பக்கங்களைத்தான் தேடிப் படிக்கிறேன்.

அப்படிப் படித்ததில் என்னை உலுக்கியது ராமச்சந்திர குகாவின் ‘எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு’. 2002இல் வெளிவந்தது. இந்தியக் கிரிக்கெட்டின் வரலாறுதான் என்றாலும், அதன் உயிர் பல்வங்கர் பாலு என்ற மனிதரிடம் இருக்கிறது.

பாலு 1876இல் பிறந்தவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் சாதி. புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை. மாதம் நான்கு ரூபாய் சம்பளம். ஆடுகளத்தில் உருளை இழுப்பார், வலை கட்டுவார், கோடு போடுவார். வேலைக்கு நடுவே துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசச் சொன்னார்கள். இடக்கைச் சுழற்பந்து அவருக்கு அங்கேதான் கைவந்தது. கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. ஆனால் அந்த வலையில் மட்டை பிடிக்க மட்டும் அவரை விடவில்லை. பந்து வீசுவது வேலைக்காரன் வேலை, மட்டை பிடிப்பது பிரபுக்களின் உரிமை என்பது அந்தக் காலத்து நியாயம்.

புனே இந்துக்களின் அணிக்கு அவர் தேவைப்பட்டார். வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டுமே! சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தையே எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறிகிற மண் குவளையில் தேநீர். நாள் முழுக்க ஓடிக் களைத்த பந்துவீச்சாளர் அந்தக் குவளையுடன் தனியே நிற்பதை நினைத்துப் பாருங்கள். எந்த ஸ்கோர் அட்டையில் இதற்கு இடம் இருக்கிறது?

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அப்படிப்பட்டவரை, மதவாரியாக அணிகள் மோதிய பம்பாய்ப் போட்டியில், இந்துக்கள் அணி கடைசிவரை தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923இல் தலைவரானார். அந்த வருஷம் கோப்பையும் கிடைத்தது. விட்டல் பிற்பாடு மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதி 1948இல் வெளியிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பெரிய ஆய்வாளர் ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்து வந்து எழுதுவதற்கு, விளையாடியவரே உட்கார்ந்து எழுதிய ஒரு புத்தகம் காத்திருந்தது.

பாலுவின் கதை மைதானத்தோடு முடியவில்லை. 1932இல், தாழ்த்தப்பட்டோரின் தேர்தல் பிரதிநிதித்துவம் பற்றிய புனே ஒப்பந்தத்தில், நம் தலித் தலைவர் எம்.சி. ராஜாவைப் போலவே அவரும் கையெழுத்திட்டார். 1937இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். இளைஞராக இருந்தபோது பாலுவைப் பெருமையோடு பார்த்தவர் அம்பேத்கர். இந்த இரண்டு பேரும் எதிரெதிரே நின்ற அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

குகாவுக்கு முன்பே இந்த வழியைத் திறந்துவிட்டவர் டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ். ‘பியாண்ட் எ பவுண்டரி’ 1963இல் வந்தது. டுனாபுனா என்ற சிற்றூரில் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேராகவே மைதானம். சிறுவன் நாற்காலிமேல் ஏறி நின்று ஆட்டம் பார்ப்பான். அங்கே மேத்யூ பாண்ட்மன் என்று ஒருவர். அழுக்கு உடை, வாயைத் திறந்தால் வசவு, ஊரில் மதிப்பில்லை. மட்டையைக் கையில் எடுத்துவிட்டால் ஊரே வாய் பிளந்து நிற்கும். எந்தப் பெரிய ஆட்டத்திலும் ஆடாத இந்த மனிதரிடமிருந்துதான் ஜேம்ஸ் தொடங்குகிறார். அந்தத் தீவில் தோலின் நிறத்துக்கு ஒரு கிளப் இருந்தது. படித்த மாநிறத்தாரின் மேப்பிள் கிளப்பில் சேர்ந்து, கறுப்பினக் கீழ்நடுத்தர வர்க்கத்தாரின் ஷானன் கிளப்பைத் தவிர்த்தது தன் அரசியல் வளர்ச்சியையே தாமதப்படுத்தியது என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். விளையாட்டைப் பற்றி இதைவிட நல்ல புத்தகம் ஒன்றை நான் படித்ததில்லை.

ஹாக்கி வீரர் தயான் சந்தின் ‘கோல்’ வேறு மாதிரி. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ பத்திரிகைதான் 1952இல் அதைப் புத்தகமாக வெளியிட்டது என்பது நமக்குப் பெருமை. ராணுவக்காரரின் எளிய நடை. பல இடங்களில் ஆட்டக் கணக்கு நீண்டு அலுப்புத் தட்டும். ஆனால் 1936 பெர்லின் ஒலிம்பிக் பகுதிக்கு வந்துவிட்டால் கீழே வைக்க முடியாது. பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4–1 என்று தோற்றதும் அணி ஆடிப்போகிறது. இறுதிப் போட்டிக்கு முன் உடை மாற்றும் அறையில் உதவி மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துவர, எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போகிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரில் ஆடப் போனவர்கள்! அன்று ஆகஸ்ட் 15. ஜெர்மனியை 8–1 என்று வென்றார்கள்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நம் பக்கம் திரும்பினால் ஆதங்கமாக இருக்கிறது. கோவில்பட்டி தெருக்களில் ஹாக்கி மட்டையோடு வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணிக்குத் தலைவர் நம் பாஸ்கரன். ஊர்த் திருவிழாக்களில் விடிய விடியக் கபடி ஆடி முழங்காலை இழந்தவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. புதுக்கோட்டைக்காரரான சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். பட்டியலில் இன்று அவர் பெயர் இல்லை. பட்டியல் கைவிட்டவர்களைப் புத்தகம்தான் காப்பாற்ற வேண்டும்.

விட்டலிடம் பெரிய பதிப்பகமோ உதவியாளர் படையோ இருந்ததாக வைத்துக்கொண்டு நாம் சும்மா இருந்துவிட வேண்டாம். உங்கள் ஊரில் வயதான ஆட்டக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். ஜெயித்த கதையை அவரே சொல்லிவிடுவார். வெளியூர் ஆட்டத்துக்குப் போனபோது யார் சோறு போட்டார்கள், யார் போடவில்லை என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டு, அவர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.