வானும் கடலும் சோதித்த தீவு

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்தோர்க்கு இயற்கையின் சீற்றம் என்றவுடன் நினைவில் எழுவது வெள்ளமன்று, வறட்சியே. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் கண்ணெதிரே நிற்க, கிணறுகள் அடித்தரை தெரிய வற்றிக் கிடந்த ஆண்டுகளை நம் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். கடல் நமக்குத் தொலைவு. புயலோ நாளேட்டில் படித்தறியும் செய்தி. மழை பொய்த்த காலங்களில் ஜமாஅத்தார் ஊர்த்திடலில் திரண்டு நிறைவேற்றிய மழைத் தொழுகையில், அத்தாவின் அருகே நின்று நானும் கையேந்தியிருக்கிறேன். ஆகவே மழை என்றால் ரஹ்மத் என்ற ஒரு பொருளை மட்டுமே அறிந்து வளர்ந்தோம்.

அந்த ரஹ்மத்தே அளவு கடந்தால் எவ்வாறு முஸீபத்தாகிறது என்பதை இலங்கைத் தீவின் வரலாறு கற்பிக்கிறது. அவ்வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது ஒரு பேச்சாகும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், அது அம்மக்கள் செய்த பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று நம்மவர் சிலர் பேசக் கேட்டேன். 2025 நவம்பரில் டித்வா புயல் அத்தீவைக் குலைத்தபோதும் அதே சொல் மீண்டும் காதில் விழுந்தது. அச்சொல் தகுமா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமையன்றோ?

முதலாவதாக, அத்தீவு நமக்கு அயலானது அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல் பகுதியும் அன்று அதனுள் அடங்கியிருந்தது. அக்காலத்தில் பசி துரத்த ஊரை விட்டோர் பலர், கங்காணிகளின் பின்னே கடற்கரைக்கு நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கிச் சென்றனர். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே மாண்டவர் பலர். போய்ச் சேர்ந்தவர்கள் காப்பித் தோட்டங்களிலும், காப்பிச் செடி நோயால் அழிந்த பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். அவர்களில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நம் ஊரார், நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் உரிமை இன்னதென்று நமக்குப் புதிதாக எவரும் சொல்ல வேண்டுவதில்லை.

அத்தீவைக் கடல்வழியே வந்து தாக்கிய துயர்கள் பல. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், எதிர்க்கரையில் மன்னாரையும் விட்டு வைக்கவில்லை. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் வழி அன்றோடு அற்றது. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்தது. ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் மடிந்தன. தலைமுறைகளாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் வீழ்ந்தன.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுமத்ராவின் கடலடியில் பூமி அதிர்ந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காத்தான்குடி, கிண்ணியா என நம் சகோதரர்கள் செறிந்து வாழும் கரையோர ஊர்களில் அலை புகுந்தது. தீவு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பதினாயிரவருக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தெற்கே பெரலியாவில், முதல் அலைக்கு அஞ்சிய ஊரார் அங்கு நின்றுவிட்ட இரயிலில் ஏறி அடைக்கலம் தேடினர். அடுத்து வந்த அலை அந்த இரயிலையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிலே மாய்ந்தனர்.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலம் அதிர்ந்ததற்கும் அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. கரையிலிருந்து ஒரு கல் தொலைவு உள்ளே நடக்க அரை மணி போதும். ஆனால் அன்று இந்துமாக் கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு ஏதும் இல்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல். இலங்கையில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது 2005இல். அலையை அனுப்பியது இறைவனின் நாட்டம். இரண்டு மணி நேரம் வீணானது யாருடைய குறை?

மலைநாட்டின் கதை இதனினும் கசப்பானது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் தலைகளை எண்ணிப் பங்கிட்டனர். அந்த நாளுக்கு ஐம்பதாண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகள் மீது மலை சரிந்தது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தோரும் இல்லை. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்விடம் வாழத் தகுதியற்றது என்று நிலவியல் அறிந்தோர் 2005இலேயே எச்சரித்திருந்தனர். 2011இல் மீண்டும் எச்சரித்தனர். ஆயினும் மக்கள் அங்கேயே விடப்பட்டனர்.

ஆழ வேரோடிய காட்டை வெட்டித் தோட்டமிட்ட சரிவில், பெருமழை மண்ணுள் இறங்கி அதைக் கனக்கச் செய்கிறது. பிடிமானமற்ற மண் நழுவுகிறது. டித்வா புயலிலும் இதுவே நிகழ்ந்தது. 2025 நவம்பர் 28ஆம் நாள் கிழக்குக் கரையில் ஏறிய அப்புயல் தீவின் மீது மெல்ல நகர்ந்தது. காற்றைவிட அதன் மழையே கொன்றது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவுகள் குடும்பங்களை மூடின. தாது வருஷத்தில் மழையின்றி இங்கிருந்து ஓடியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே மழையால் புதையுண்டனர் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி, தண்டனை என்ற பேச்சுக்கு வருவோம். நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் நசுங்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் கணக்கில் சேர்த்துரைத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்கள் உயர்த்தி வைத்தோரைப் பாவிகளென்று தாழ்த்த நாம் யார்? ஜும்ஆ மேடையில் நின்று மழை வேண்டிய அவர்களே, ஒரு வாரம் ஓயாது பெய்து உடைமைகள் அழிந்தபோது, அடுத்த ஜும்ஆவில் அம்மழை ஊர் மீதன்றிச் சுற்றுப்புறங்களில் பொழிய வேண்டுமெனவும் துஆச் செய்தார்கள். அல்லலுற்றவர் வந்து முறையிட்டபோது, நீ என்ன பாவம் செய்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை.

விதி என்று சொல்லி வாளாவிருப்பதும் நம் மார்க்கமன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் ஒப்படைக்கக் கற்றவர்கள் நாம். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதறிந்து கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். சரியும் மலையடியிலிருந்து ஒரு குடும்பத்தை மேட்டு நிலத்துக்கு மாற்றுவதும் அத்தகையதே. மதீனாவைப் பஞ்சம் சூழ்ந்த சாம்பல் ஆண்டில், மக்கள் உண்ணாத நெய்யைத் தாமும் உண்ண மறுத்த ஆட்சியாளரும் அந்த உமர் (ரலி) அவர்களேயாவர்.

இப்படிப்பினை அத்தீவுக்கு மட்டும் உரியதன்று. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும்போதெல்லாம் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் காவிரிக் கரையோரத்து எளியவர்களின் வீடுகளில் நீர் புகுவதைக் கண்டிருக்கிறோம். வறண்ட சமவெளியிலும் தாழ்ந்த தெரு ஏழைக்கே வாய்க்கிறது. நம் மஹல்லாவில் தாழ்வான வீடுகள் எவை, அவற்றில் நடக்க இயலாத முதியோர் எவர் என்ற கணக்கு ஒவ்வொரு ஜமாஅத்திடமும் இருக்கலாகாதா? பாங்கு ஒலிக்கும் ஒலிபெருக்கி, வெள்ளம் வருகிறதென்று அறிவிக்கவும் பயன்பட்டால் அதுவும் ஓர் இபாதத்தேயாகும். பள்ளிவாசல் மண்டபத்தின் கதவு அன்றிரவு எல்லாச் சமயத்தவர்க்கும் திறந்திருக்க வேண்டும்.

இடர் வந்த பின் உண்டியல் ஏந்துவது நற்செயல். அது வருமுன் அண்டை வீட்டாரைக் காப்பது அதனினும் மேலான நற்செயல். மழையை ரஹ்மத்தாக இறக்குபவன் அல்லாஹ். அது எவர் வீட்டையும் மூடாதிருக்க முயல்வது நம் அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் மனத்தை அவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.